தரைக்குக் கீழே சன்னல் திறப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் வாய்க்கால்கள் வறண்டதும் டெல்டா மாவட்டங்களில் வீட்டு வேலைகள் மும்முரமாகிவிடும். அவற்றுள் அண்மைக்காலமாக நான் அடிக்கடி காணும் ஒரு வேலையைப் பற்றியே இக்கடிதம். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில், கடையும் வீடும் சேர்ந்த கட்டடங்களில், தரைக்குக் கீழே பாதி இறங்கினாற்போல் ஓர் அறை கட்டிக் கிடங்காக வைத்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளில் அந்த அறையில் புழுக்கமும் பூஞ்சணமும் சேரவே, மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கி நிற்கும் சுவரை உடைத்துப் புதிதாகச் சன்னல் வைக்கிறார்கள். கட்டுமானத் துறையில் 30 ஆண்டுகள் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் மண்ணுக்கே உரிய ஓர் ஆபத்து இதில் இருப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரையில் உடைத்த சுவருக்கு ஐப்பசியில்தான் சோதனை வருகிறது.

என் மைத்துனர் பித்தளைப் பாத்திர வியாபாரி. கீழறையில் அடுக்கிய குடங்கள் ஈரக்காற்றில் களிம்பேறுகின்றன என்று சொல்லி, தெருப்பக்கச் சுவரில் 4 அடி அகலத்துக்குச் சன்னல் வைக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார். "லிண்டல் மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள் மச்சான்" என்று, திறப்புக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கக் குறுக்கே வைக்கும் விட்டத்தை நினைவூட்டிவிட்டு நான் இருந்துவிட்டேன். நேரில் போய்ப் பார்க்காதது என் தவறு. கொத்தனாரோ, "நாலடி ஓட்டைக்கு முட்டு எதுக்குங்க, செவுரு அதுவா நிக்கும்" என்று இரண்டே நாளில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். சுவரும் நிற்கத்தான் செய்தது. ஆடியில் எதிர் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது சன்னலுக்குக் கீழே ஈரத்தடம் தெரிந்தது. ஐப்பசியில் ஒரு வாரம் மழை விடாமல் பெய்தபின், சன்னலுக்கு நேர் மேலே இருந்த பூசை அறையின் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு தாழ்ப்பாள் விழாமல் போயிற்று. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று தச்சரை அழைத்துக் கதவை இழைத்திருக்கிறார்கள்! நான் போய்ப் பார்த்தபோது, சன்னலின் மேல் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக மேலேறிய விரிசலில் 5 ரூபாய் நாணயம் ஒன்று நுழைந்து நின்றது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில், சன்னலை ஒட்டிய சுவர் முக்கால் அங்குலம் உட்பக்கமாகத் தள்ளியிருந்தது.

கொத்தனார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரம் இருந்தால், அதன் ஒவ்வோர் அடி நீளமும் ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ளது. தளமும் மாடியும் அதற்கு மேல். இருபுறமும் போதிய சுவர் இருக்குமானால், திறப்புக்கு மேலுள்ள சுவரில் முக்கோண வடிவிலான ஒரு பகுதி மட்டுமே லிண்டலின் மீது அமரும். மற்ற பாரமெல்லாம் வளைவில் இறங்குவது போல இருபக்கச் சுவருக்குப் போய்விடும். சுவர் 'அதுவாக' நிற்பது இதனால்தான். ஆனால் உத்திரத்தின் முனையோ தளத்தின் விளிம்போ அந்த முக்கோணத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. கீழறையில் சன்னலுக்கு மேல் ஓரடி, ஈரடியிலேயே தளம் வந்துவிடுவதால், பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது.

பாரம் ஒருபுறமிருக்க, கீழறைச் சுவர் வெளிப்புற மண்ணையும் தடுத்து நிற்கிறது. கீழே தரையிலும் மேலே தளத்திலும் ஊன்றிக்கொண்டு நிற்கும் அந்தச் சுவரின் நடுவில் சன்னல் திறந்தால், அந்த அகலத்தில் சுவருக்கு மேல்பக்க ஊன்றல் அற்றுப்போகிறது. கான்கிரீட் சுவராக இருந்தால், மண்ணைத் தாங்கும் செங்குத்துக் கம்பிகளே வெட்டுப்பட்டுவிடுகின்றன. கோடையில் சுருங்கி வெடித்துக் கிடக்கும் நம் களிமண் அப்போது சுவரைத் தள்ளுவதே இல்லை என்று சொல்லலாம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, வாய்க்கால்களில் நீர் ஏறி, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும்போது அதே மண் ஊறி உப்புகிறது. ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோ. சுவருக்கு வெளியே 4 அடி உயரத்துக்கு நீர் ஊறி நின்றால், நீர் மட்டுமே ஒவ்வோர் அடி நீளச் சுவரையும் ஏறத்தாழ 225 கிலோ விசையுடன் தள்ளும். 15 அடிச் சுவருக்கு இது 3 டன்னைத் தாண்டும். மண்ணின் தள்ளுதல் தனி.

ஆகவே, சன்னல் வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சுவரைக் காட்ட வேண்டும். தளத்துக்குக் கீழே ஜாக்கிகளையோ சவுக்கு முட்டுகளையோ வரிசையாகக் கொடுத்து, பாரத்தை அவற்றுக்கு மாற்றிய பிறகே சுவரில் உளி படலாம். 13½ அங்குலச் சுவரானால், ஒரு பக்கத்துப் பாதிக் கனத்தில் காடியாகப் பள்ளம் எடுத்து, இருபுறமும் குறைந்தது அரையடி சுவரில் அமரும்படி லிண்டலைப் பொருத்தி, அது இறுகிய பின்னர் மறுபக்கத்துக்குப் போக வேண்டும். லிண்டலின் தலைக்கும் பழைய செங்கல்லுக்கும் இடையே மிஞ்சும் விரல்கனச் சந்தில், தண்ணீர் குறைத்துப் பிசைந்த சிமென்ட் கலவையைக் கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும். நான் பார்த்தவரை, அலட்சியமாக விடப்படுவது இந்தச் சந்துதான். மேலே பூசி மறைத்துவிடுகிறார்கள், பிறகு சுவர் அந்தச் சந்தளவுக்கு இறங்கி லிண்டலில் உட்காருகிறது. லிண்டலை அங்கேயே வார்ப்பதானால் 7 நாளாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். பொறியாளர் சொல்லும்வரை முட்டுகளை எடுக்கக் கூடாது. லிண்டலுக்குக் கீழுள்ள செங்கற்களைக் கழற்றுவது கடைசி வேலை. பெரும்பாலும் அதுவே முதல் வேலையாக நடக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் சன்னலின் அடிமட்டம் தரைக்குக் கீழே போனால், வெளியே மண்ணைத் தோண்டி ஒரு தொட்டி கட்ட வேண்டியிருக்கும். மேட்டு நிலத்தில் அந்தத் தொட்டியின் நீரைக் குழாய் வைத்துப் பள்ளத்தில் வடித்துவிடலாம். தட்டையான நம் ஊரில், வாய்க்காலே தொட்டியின் அடியைவிட உயரத்தில் ஓடும்போது, எங்கே வடிப்பது? மோட்டார் வைத்து இறைக்கலாம் என்பார்கள். அடைமழை இரவில் மின்சாரம் இருக்குமா என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயரத் திண்ணை கட்டி அதன்மேல் வீட்டை எழுப்பி, நெல்லைப் பத்தாயத்தில் கொட்டிய நம் முன்னோர் நிலவறை தோண்டாததற்குக் காரணம் இல்லாமலில்லை.

நிலத்தடித் தளத்தின் கூரை, சுற்றுத் தரைமட்டத்துக்கு மேல் 0.9 மீட்டருக்குக் குறையாமலும் 1.2 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கூறுகிறது. தரைக்கு மேல் தெரியும் அந்த 3 அடிக்குள்ளேயே, கட்டும்போதே லிண்டலுடன் சிறு காற்றுச் சன்னல்களை விட்டிருந்தால் பின்னர் இடிக்கும் தேவையே வராது. இப்போது திண்டாடுபவர்களும், பொறியாளர் காட்டும் இடத்தில், தரைமட்டத்துக்கு மேலாக ஒரு குழாய் அளவுக்குத் துளையிட்டுக் காற்றை வெளியேற்றும் விசிறி பொருத்தினால் பெரும்பாலும் போதும். என் மைத்துனர் கடைசியில் அந்தச் சன்னலை அடைத்துக் கட்டி, அதைத்தான் செய்தார். முட்டு, கம்பி, கான்கிரீட் என்று சன்னல் வைத்த செலவைப்போல் பல மடங்கு செலவழித்த பிறகு.

நகராட்சிகளும் பேரூராட்சிகளும் நிலத்தடித் தளம் உள்ள கட்டட வரைபடங்களைப் பரிசீலிக்கும்போது, காற்றுத் திறப்புகளின் இடமும் அடிமட்டமும் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற கோடையில் இப்படிச் சன்னல் உடைத்தவர்கள் அதன் மேல் மூலைகளை இப்போதே பார்க்கட்டும். விரிசல் தெரிந்தால், அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதிவைத்துவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் பொறியாளரை அழைக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
கும்பகோணம்.