அந்த மூன்று வளைவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போலந்தின் தலைநகர் வார்சாவைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். தரைமட்டமாகிக் கிடந்த அரசக் கோட்டையை 1971 தொடங்கி 1984 வரை மறுபடி எழுப்பிய கதை அருமை. ஆனால் அங்கிருந்து கால் மணி நேர நடையில் இருக்கும் சாக்ஸன் அரண்மனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து வந்து போலந்தின் மன்னரான இரண்டாம் அகஸ்டஸ், 1713இல் ஒரு பிரபுவின் மாளிகையை வாங்கி, இழுத்துக் கட்டிப் பெரிதாக்கியது அது. பின்னால் இருந்த தோட்டத்தை 1727இல் ஊர்மக்களுக்கே திறந்துவிட்டார். பிற்பாடு அங்கே பள்ளிக்கூடம் நடந்தது. அதில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவரின் கைக்குழந்தைதான் இசைமேதை ஷோபன். அப்புறம் 1838இலிருந்து 1842க்குள் இட்ஸ்கோவ்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் தூண் வரிசையை நிறுத்தினார். இரண்டு பக்கமும் கட்டடம், நடுவில் தூண்களுக்கிடையே பச்சைப் பசேலென்று தோட்டம். எவ்வளவு அழகான யோசனை! ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை 1932இல் ரெயேவ்ஸ்கி என்ற இளம் கணிதவியலாளர் உடைத்ததும் இதே அரண்மனையில்தான்.

1944 டிசம்பர் கடைசியில் ஜெர்மன் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஊர்மக்கள் நடத்திய வார்சா எழுச்சி அக்டோபரிலேயே அடங்கிவிட்டது. எதிர்த்துச் சண்டை போட அங்கே ஆளே இல்லை. வேண்டுமென்றே செய்த வேலை.

மிஞ்சியது அந்தத் தூண் வரிசையின் அடியிலிருந்த மூன்று வளைவுகள். அவற்றின் கீழே, பெயர் தெரியாத வீரரின் கல்லறை. 1925இல், அப்போது போலந்தில் இருந்த (இன்று உக்ரைனில் உள்ள) லிவோவ் நகரில் அடையாளம் தெரியாத வீரர்களின் மூன்று சவப்பெட்டிகளை வைத்து, மகனின் உடல்கூடக் கிடைக்காத ஒரு தாயை அழைத்து ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். அவர் கைகாட்டியவர்தான் இங்கே இருக்கிறார்.

போன வருஷம் நான் அங்கே நின்றேன். அணையா விளக்கு, அசையாமல் இரண்டு காவல் வீரர்கள். தலையை உயர்த்திப் பார்த்தால், வளைவின் மேலே நிற்கும் தூண்கள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. ஓரத்தில் கட்டடம் பிய்ந்துபோன இடம் அப்படியே தெரிகிறது. தொண்டை அடைத்துக்கொண்டது.

அரண்மனையைத் திரும்பக் கட்ட 2021இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். சரி, கட்டட்டும், இடித்தவன் நினைத்ததே நிலைக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பிய்ந்த ஓரத்தைப் பூசி மறைத்துவிடக் கூடாது. புதுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த முறை வார்சாவைப் பற்றி எழுதும்போது அந்த வளைவுகளின் படத்தையும் போடுங்கள். உயரத்திலிருந்து எடுத்த படம் வேண்டாம். கல்லறைக்கு முன்னால் நின்று, அண்ணாந்து எடுத்த படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி