'இல்லை' என்றாவது சொல்லுங்கள்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா 1980களில் வார இதழ்களுக்குக் கதை அனுப்பியவர். அவர் காலமான பிறகு பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய ஃபைல் கிடைத்தது. உள்ளே எல்லாம் திரும்பி வந்த கதைகள். ஒவ்வொன்றின் மேலும் குண்டூசியில் ஒரு துண்டுச்சீட்டு: 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' குண்டூசியின் துரு தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'முடிவில் அவசரம் தெரிகிறது. வேறு அனுப்புங்கள்.' அந்தக் கதையை அப்பா மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறார். மூன்று படிகளும் அதனடியிலேயே இருந்தன.

போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை வைத்தால்தான் கதையைத் திருப்பி அனுப்புவோம் என்று அன்று இதழ்களில் அறிவிப்பு இருக்கும். செலவு எழுதுகிறவருடையது. ஆனாலும் பதில் வந்தது. இன்று நான் என் நாவலை ஒரு பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதினோரு மாதம் ஆகிறது. வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்று உறுதி கொடுத்திருப்பதால் இன்னொருவரிடம் போகவும் முடியவில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அந்தப் பதிப்பகத்தின் அரங்குக்குப் போனேன். இரண்டு புத்தகம் வாங்கினேன். பில் போட்டவரிடம் கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. பின்னால் வரிசை நின்றது, நகர்ந்துவிட்டேன்.

நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுதுகிறவருக்கும் பெரிய பதிப்பகத்துக்கும் நடுவே இலக்கிய முகவர் இருப்பார். எழுதியவருக்கு வரும் பணத்தில் பொதுவாக 15 விழுக்காடு அவருக்கு. அவர்களிலும் பலர் பதில் போடுவதில்லைதான். ஆனால் இத்தனை வாரத்தில் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம் என முன்கூட்டியே அறிவித்துவிடுகிறவர்கள் உண்டு. எழுதியவர் அன்றோடு அழுது முடித்துவிட்டு அடுத்தவரைத் தேடலாம். தமிழில் முதல் நாவல் எழுதுகிறவருக்கு அப்படி நடுவில் ஒருவர் கிடைப்பது அரிது. நேரே உங்களிடம்தான் வர வேண்டும்.

உங்கள் சிரமம் தெரியாமல் இல்லை. பல பதிப்பகங்களில் இரண்டு மூன்று பேர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். புத்தகக் காட்சி நெருங்கினால் மெய்ப்புத் திருத்தவே நேரம் போதாது. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி முடங்கிக் கிடக்கும் பணம் வேறு. சரி, நாவலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அறிவியுங்கள். அதற்குள் 'இல்லை' என்று ஒரு வரி போடுங்கள்.

நிராகரிப்பை எங்களால் தாங்க முடியும். அப்பா ஒரு ஃபைல் நிறையத் தாங்கினார். பதிலே வராதபோதுதான் எழுத்தில் கோளாறா, மின்னஞ்சலே போய்ச் சேரவில்லையா என்று ராத்திரியெல்லாம் குழம்புகிறோம். அப்புறம் ஒருநாள், பணம் கட்டினால் பதினைந்து நாளில் புத்தகம் என்று யாராவது போனில் கூப்பிடுகிறார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. அன்று சரி என்று சொல்லிவிட இருந்தேன்.

என் நாவல் உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. இதற்குள் முதல் அத்தியாயத்தை முழுக்க மாற்றிவிட்டேன். பழையதைப் படித்துவிட்டீர்களா, புதியதை அனுப்பட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
காத்திருக்கும் ஒருத்தி