மகனுக்கு, பூம்பாறையிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். மேட்டுக்காட்டில் பூண்டு எடுத்தாகிவிட்டது. விதைக்கானதைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். வீடெல்லாம் புகையும் பூண்டு வாசமும்தான். ரிஷிகேசத்தில் குளிர் எப்படி? அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டரை நீ எடுத்துப் போனாயா? பெட்டியில் தேடினேன், இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணியிடம் போனில், "எனக்கு இனிப் பற்று எதுவும் இல்லை" என்றாயாம். நான் எதுவும் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் கீதையை மூலத்தோடு படித்தவன் நீ ஒருவன்தான். குழந்தை வேலப்பர் கோயிலில் யார் விசாரித்தாலும் அதைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை. ஆனாலும் நான்கு மாதமாகத் தகப்பனுக்கு ஒரு வரி எழுதக் கூடாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? பட்டினத்தார் எல்லாவற்றையும் துறந்த பிறகும் தாய்க்குக் கொள்ளி வைக்க வந்தார். பழனியில் ஆண்டியாக நிற்கிறவனுக்குத்தான் மாலைச் சாயரட்சைப் பூசையில் ராஜ அலங்காரம். கிரீடம் வைத்தாலும் களைந்தாலும் அவன் முகம் மாறுவதில்லை என்பாள் அம்மா. பட்டினி மட்டும் கிடக்காதே.

வந்த வேகத்திலேயே போய்விடும் துறவு மனசுக்குப் பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நீ பஸ் ஏறினாய். சரி, அதை விடு.

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளில் நான் இரண்டு முறைதான் மலை இறங்கினேன். உருளைக்கிழங்குக்கு மருந்து அடிக்க வேண்டும் என்றேன். எல்லாம் அவன் செயல் என்றேன். கலங்காத மனிதர் என்று ஊரே சொன்னது, நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி, மூக்கில் குழாயோடு அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் ஓடி வந்தவன் நான். இரவெல்லாம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ.

நீ விட்டுப்போன கீதையை எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறேன். 18ஆம் அத்தியாயம், 8ஆம் சுலோகம். துன்பம் என்று எண்ணி, உடல் வருந்துமே என்று அஞ்சிக் கடமையை விடுவது ராஜசத் தியாகம், அப்படி விட்டவனுக்குத் தியாகத்தின் பலன் கிடையாது என்று போட்டிருக்கிறது. அதன் கீழ் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

என்னை நினைத்துத்தான் போட்டாயா?

பதில் எழுத மனம் வராவிட்டால், ஸ்வெட்டர் உன்னிடம் இருக்கிறதா என்று மட்டுமாவது அண்ணியிடம் சொல்.

அப்பா