பக்கத்து வீட்டுப் பெரியவரும் வான்கோழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க வேட்டைக்காரர்கள் பற்றிய உங்கள் கட்டுரை அவர்களை வெறும் துப்பாக்கிப் பிரியர்களாகக் காட்டிவிட்டது. ஜார்ஜியாவில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன், கறியே தொடாதவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டு வான்கோழி வேட்டைக்காரர். கோட்டுப் பையில் சேவலை வரவழைக்க ஒரு சின்ன மரப்பெட்டி வைத்திருப்பார். மூடியை லேசாக உரசினால் பெட்டை வான்கோழி கூப்பிடுவது போலவே சத்தம் வரும். முன்பெல்லாம் மேட்டுக்கு அப்பாலிருந்து மூன்று நான்கு சேவல்கள் பதில் குரல் கொடுக்கும். இந்த வசந்தத்தில் ஒன்றுதான் கொடுத்தது. அதையும் அவர் சுடவில்லை.

வான்கோழிகள் குறைந்துவருவதால், 2022-இல் இங்கே ஒருவர் ஒரு பருவத்தில் சுடக்கூடிய சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, பருவத் தொடக்கத்தையும் தள்ளிப்போட்டார்கள். இணைசேரும் முன்பே சேவலைச் சுட்டால் இனம் பெருகாது என்கிறது ஒரு தரப்பு. "தரையில் இடும் முட்டையை ரக்கூன் என்ற சிறு காட்டுவிலங்கு தின்கிறது, தோலுக்கு விலை இல்லாததால் ரக்கூனைப் பிடிக்க ஆளில்லை, குஞ்சு ஒளியப் புல்வெளியும் இல்லை, எங்கள் துப்பாக்கி மட்டும்தான் கண்ணில் படுகிறதா?" என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. ஆனால் பெரியவர் முதல் கட்சி!

அப்புறம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இவர்கள் கொடுக்கும் விலையில் அடங்கியிருக்கும் 11 சதவீத வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிர்ப் பராமரிப்புக்கே போகிறது. சென்ற நூற்றாண்டில் அழியும் நிலையிலிருந்த வான்கோழி மீண்டதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

– ஒரு வாசகர், ஜார்ஜியா, அமெரிக்கா