வடிகட்டி தருவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

மலையகத் தோட்டங்களுக்குத் தண்ணீர் வடிகட்டி அன்பளிப்புச் செய்யும் அமைப்புகளுக்கு,

வணக்கம். உங்கள் நல்ல மனசைக் குறை சொல்ல வரவில்லை. வடிகட்டி வாங்கும் காசில் ஒரு பங்கை முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கச் செலவழியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மணல் வடிகட்டி அழுக்கையும் கிருமியையும் குறைக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்த ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்களுக்கு இரண்டும் பெரிதாக உதவாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உலோகம் பானையிலேயே தங்கிவிடும்.

வீண் பயம் என்று நினைக்காதீர்கள். 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் என்ற பூஞ்சை நோய் இலங்கைக்கு வந்த பிறகு தேயிலைக்குச் செம்பு மருந்து அடிக்கும் பழக்கம் வந்தது. மேட்டில் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் போடும் பொஸ்பேற் உரத்தில், அது செய்யப்படும் பாறையிலிருந்தே கட்மியம் கொஞ்சம் வரும். எங்கள் தோட்டத்தில் மருந்து டேங்கைக் கழுவுவது, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே ஓடும் ஓடையில். கல்லில் நீலப்பச்சைக் கறை படிந்திருக்கும், கீழே பெண்கள் குடம் பிடிப்பார்கள். நிர்வாகத்திடம் சொன்னோம். "பார்க்கலாம்" என்றார்கள். கழுவுகிற இடத்தை ஓடையிலிருந்து தள்ளிவைத்து, ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மாதிரி எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. வெறும் சோடாப் போத்தலில் பிடித்தால் உலோகம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். ஆய்வுகூடம் தரும் சுத்தமான போத்தலில், சொட்டு நைத்திரிக் அமிலம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அடைமழையில் ஒருமுறை, வறட்சியில் ஒருமுறை எடுங்கள். காலையில் டெப்பைத் திறந்ததும் வரும் தண்ணீரையும் தனியாகப் பிடியுங்கள்: மலைத்தண்ணீர் மென்மையானது, இரவெல்லாம் பழைய பித்தளை டெப்பில் தேங்கினால் ஈயத்தைக் கரைத்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், கட்மியம் 3.

அளவு மீறினால் அப்புறம் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும் எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) இயந்திரம் உலோகத்தை நன்றாகவே பிரிக்கும். ஆனால் பிரித்ததெல்லாம் கழிவுநீரில் சேரும், அதை எந்த ஓடையில் விடுவீர்கள்? தேயிலைக் கழிவுகூட ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று ஆய்வுகூடங்களில் காட்டியிருக்கிறார்கள். நம்மிடம் அது மலை மலையாக இருக்கிறது! அதிலும் இதே சிக்கல்தான். ஈயம் ஏறிய தூளை மரக்கறிப் பாத்திக்குக் கொட்டினால் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்துவிடும்.

ஆகவே திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன், பரிசோதனை முடிவைத் தமிழில் எழுதி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒட்டுங்கள். வடிகட்டியின் உள்பாகத்தை யார் மாற்றுவது, பழையது எங்கே போகும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஊற்றுக்கண் வரை வழிகாட்ட எங்கள் இளைஞர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தண்ணீர்க் குழுவில் ஒருவர்