அந்தப் பாடல் தேவாலயத்தில் பிறந்தது

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரை நன்று. ஆனால், அப்போராட்டத்தின் கீதமான ‘வீ ஷல் ஓவர்கம்’ (நாம் வெல்வோம்) பாடலை அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் படைப்பு என ஒரே வரியில் முடித்தது நியாயமன்று. அடிமையாக வாழ்ந்த தந்தைக்குப் பிறந்து, பிலடெல்பியாவில் போதகரான சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி 1901இல் வெளியிட்ட நற்செய்திப் பாடலில் அதன் வேர் இருக்கிறது. மெட்டுக்குப் பழைய ஆன்மிகப் பாடல்களும் கைகொடுத்தன. தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1945–46இல் வேலைநிறுத்தம் செய்த சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் அதை மறியல் களத்துக்குக் கொண்டுவந்தனர். அவர்களுள் ஒருவரான லூசில் சிம்மன்ஸ் அதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவாராம். அப்பெண்களிடமிருந்து, தொழிற்சங்கத்தினருக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளியின் சில்பியா ஹார்ட்டன் கற்றார். சீகர் கற்றது ஹார்ட்டனிடம். பின்னாளில் பதிவான பதிப்புரிமையில் சீகரோடு வேறு மூவரின் பெயர்கள் இருந்தன. சிம்மன்ஸின் பெயர் இல்லை. அந்த உரிமையும் 2018இல் விலக்கப்பட்டு, பாடல் எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தானது.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் இதைப் பலமுறை பாடியிருக்கிறேன். கையில் தரப்படும் நகல் தாளில் சீகர் பெயர் மட்டுமே இருக்கும். உழைத்துக் களைத்த பெண்களின் குரலை இப்படி அழிப்பது வேதனை தருகிறது. இனி இப்பாடலைக் குறிப்பிடும்போது டிண்ட்லி, சிம்மன்ஸ் பெயர்களையும் தங்கள் இதழ் சேர்த்து அச்சிட வேண்டும். பாடகர் குழுக்களும் தங்கள் தாள்களைத் திருத்த வேண்டும்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை