கோல்ஃப் என்றால் எல்லோரும் வாத்தியாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கக்கூடிய விளையாட்டுகள் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீச்சல், இறகுப்பந்து பற்றியெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கோல்ஃப் பகுதியில்தான் ஒரு வாக்கியம் இடறியது. ஆரம்பத்திலேயே பயிற்சியாளருக்குப் பணம் கொட்டத் தேவையில்லை, நாலைந்து வருடம் ஆடியவர்கள் யாரைக் கேட்டாலும் அன்போடு சொல்லித்தருவார்கள் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

அன்போடு சொல்லித்தருகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. கேட்காமலேயே சொல்லித்தருகிறார்கள். அதுதான் என் புகார்.

நான் பணி ஓய்வுக்குப் பிறகு கோல்ஃப் தொடங்கியவள். சென்னையில் மைதானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஆடுவது எது என்று எழுதினால் அப்புறம் எனக்கு அங்கே டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க நேரம், கிடைக்காது. ஒரு பெண் தனியாக செவன் அயர்ன் என்ற மட்டையோடு, பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் போய் நின்றால் என்ன நடக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே ஒரு காலை வந்து பார்க்கட்டும். முதல் பந்து உருண்டதுமே இடப்பக்கம் இருப்பவர் "தலையைத் தூக்காதீங்க மேடம்" என்பார். இரண்டாவது பந்துக்கு வலப்பக்கம் இருப்பவர் தன் பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, "இடது கையை மடக்காதீங்க" என்பார். இருவரும் அடித்த பந்துகள் எங்கே போயின என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மரியாதை கருதி எதுவும் சொல்லவில்லை. ஆண்கள் பந்தைத் தண்ணீரில் போட்டால் அது துரதிர்ஷ்டம். நாங்கள் போட்டால் உடனே வகுப்பு ஆரம்பமாகிவிடும்.

ஒருவர் கிரிப்பை, அதாவது பிடியை, இறுக்கச் சொன்னார், இல்லாவிட்டால் கிளப் என்கிற மட்டை பறந்துவிடுமாம். இன்னொருவர் தளர்த்தச் சொன்னார். மூன்றாமவர் இரண்டும் தப்பு என்று என் விரல்களைப் பிரித்துப் பின்னிவிட்டார். இவர்கள் எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்ததில் முழங்கையின் உள்பக்கம் வலி பிடித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, கோல்ஃப் ஆடுகிறீர்களா என்று கேட்டார். கொஞ்ச காலம் கிளப்பைத் தொடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். பாடம் இலவசம்தான். பிசியோதெரபி இலவசமில்லை.

கடைசியில் ஒரு ப்ரோவிடம், அதாவது தொழில்முறைப் பயிற்சியாளரிடம், போனேன். அவர் முதலில் வாயே திறக்கவில்லை. நான் அடிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பந்தைத் தூக்கிவிட நினைக்கிறீர்கள், அதனால் உடல் எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது என்றார். செவன் அயர்னில் பந்து படும் முகம் ஏற்கெனவே சாய்வாகத்தான் இருக்கிறது. பந்தைத் தூக்குவது அதன் வேலை, என் வேலை இல்லை. இது புரிந்ததும் பந்து எழும்பியது. என் தலை அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது.

ஸ்லைஸ் கதையும் இப்படித்தான். பந்து ஸ்லைஸாகி வலப்பக்கம் வளைந்து ஓடுகிறதா, இடப்பக்கம் திரும்பி நில்லுங்கள் என்பது எங்கள் ரேஞ்சின் தேசிய கீதம். நின்றேன். இன்னும் மோசமாக வளைந்தது. கிளப் போகும் பாதைக்கும் அதன் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. நான் இடப்பக்கம் திரும்பத் திரும்பப் பாதையும் இடப்பக்கம் போனது, முகம் மட்டும் திறந்தபடியே இருந்தது, வளைவு கூடாமல் என்ன செய்யும்? பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் கிளப் முகம்தான் முடிவு செய்கிறது என்று பந்தின் போக்கை அளக்கும் ரேடார் கருவிகள் வந்த பிறகு நன்றாகவே தெரிந்துவிட்டது. அதற்கு முன்பு பயிற்சியாளர்களே பலர் பாதைதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ப்ரோக்கள் திருத்திக்கொண்டார்கள். ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் எப்போதோ யாரோ சொன்னதை அப்படியே வைத்திருக்கிறார்.

பயிற்சியாளர் இல்லாமலேயே ஜெயிக்கலாம் என்பதற்கு உங்கள் கட்டுரையாளர் அமெரிக்க ஆட்டக்காரர் பப்பா வாட்சனையும் நம் எஸ்.எஸ்.பி. சௌராசியாவையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். வாட்சன் முறையாகப் பாடம் எடுக்காமலேயே 2012, 2014 என இரண்டு முறை மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றவர்தான். ராயல் கல்கத்தா கோல்ஃப் மைதானத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகனான சௌராசியா தானாகவே கற்றுக்கொண்டு 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பனை வென்றவர்தான். யார் மறுத்தார்கள்? ஆனால் யாரும் சொல்லித்தரவில்லை என்பதல்லவா அவர்கள் கதை! பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இருபத்திரண்டு ஹேண்டிகேப் (இந்த எண் கூடக் கூட ஆட்டம் சுமார் என்று அர்த்தம்) அண்ணன் சொல்லித்தந்தார் என்று எங்கே இருக்கிறது? கடைசி வரை காசுக்கு ஆடாத அமெச்சூராகவே இருந்து, 1930-இல் நான்கு பெரிய பட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் அடித்த பாபி ஜோன்ஸ்கூட, அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்கில் ப்ரோவாக இருந்த ஸ்டூவர்ட் மெய்டனின் ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சை, சிறுவனாக இருந்தபோது பார்த்துப் பார்த்துப் படித்தவர். டைகர் உட்ஸுக்கு முதலில் சொல்லித்தந்தது அமெச்சூரான அப்பாதான். அந்த அப்பாவே பையனுக்கு நாலு வயதானதும் ரூடி டூரன் என்ற ப்ரோவிடம் ஒப்படைத்துவிட்டார். விஷயம் தெரிந்த மனிதர்.

ஒரு விஷயத்தை உங்கள் கட்டுரையாளர் சொல்லாமலே விட்டார். 2022-இல் திருத்தப்பட்ட அமெச்சூர் தகுதி விதிகளின்படி, பொதுவாகக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தந்தால்தான் அமெச்சூர் தகுதி போகும், அதிலும் சில விலக்குகள் உண்டு. இலவசம் என்றால் எத்தனை பேரின் ஸ்விங்கைக் கெடுத்தாலும் போகாது! ஆனால் ஸ்ட்ரோக்குகளை, அதாவது அடிகளை, எண்ணி ஆடும் போட்டியில், கூட ஆடும் இன்னொருவருக்கு ஆலோசனை சொன்னால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டம். அந்த விதியை ரேஞ்சுக்கும் கொண்டுவந்தால் எங்கள் ஊரில் பலருடைய ஹேண்டிகேப் எங்கேயோ போய் நிற்கும்.

கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் இதைப் படித்தால் விளக்கமே தேவைப்படாது.

சரி, அமெச்சூர்கள் எதையுமே சொல்லித்தரக் கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லித்தரலாம். நிறையவே இருக்கிறது. குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் இன்னொருவரின் பந்து போக வேண்டிய பாதையை மிதிக்கக் கூடாது, பந்து வந்து விழுந்ததில் தரையில் ஏற்பட்ட பள்ளத்தைச் சரிசெய்ய வேண்டும், பங்கர் என்ற மணல்குழியிலிருந்து வெளியே வந்ததும் மணலை ரேக்கால் வாரிவிட வேண்டும், பந்து ஆள் மேல் போகிறாற்போல் இருந்தால் வெட்கப்படாமல் "ஃபோர்" என்று கத்த வேண்டும், பின்னால் வேகமாக வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். இதில் ஒன்றைக்கூட அந்த அண்ணன்கள் எனக்குச் சொல்லவில்லை. என் முதல் சுற்றில் ஒருவருடைய பந்தின் பாதையில் கால் வைத்துவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் கத்தினார் ஒருவர். என் விரல்களைப் பிரித்துப் பின்னிய அதே மனிதர்.

இன்னொன்று, கேடிகள், அதாவது ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருபவர்கள். உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். எனக்கு அமைந்த கேடி பேசவே மாட்டார். ஒரு நாள், சுற்றிலும் உறுப்பினர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "பந்து கொஞ்சம் முன்னாடி இருக்கு மேடம்" என்றார், அவ்வளவுதான். பின்னால் தள்ளி வைத்து அடித்தேன், பிசகில்லாமல் போனது. எல்லோர் ஸ்விங்கையும் தினமும் பார்ப்பவர், பை தூக்குகிறார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். பையைக் கொடுத்தவர் பாடம் எடுக்கிறார். இது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவேயில்லை.

உங்கள் இதழின் மேல் எனக்குப் பழைய மனத்தாங்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அம்மாதான் அவருக்குக் கேடி. விடியற்காலையிலேயே எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். மறுவாரம் நீங்கள் அதற்கு ஒதுக்கிய இடம் ஒரு உள்ளங்கை அளவு. அப்போதே எழுதினேன். அந்தக் கடிதத்தில் பாராட்டை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். இப்போது கோல்ஃபுக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், சந்தோஷம். அதில் ஒரு ஆண் பின்னால் நின்று ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துச் சொல்லித்தருவதுபோல் படம். அந்தப் பெண் வலக்கை ஆட்டக்காரர்போல நிற்கிறார், ஆனால் மட்டையில் மேலே இருக்க வேண்டிய இடது கை கீழே இருக்கிறது. சொல்லித்தருபவரோ கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ப்ரோவின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. நானும் ஓய்வூதியத்தில்தான் கட்டினேன். ஆனால் நாலு பெண்கள் சேர்ந்து ஒரே வகுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம், பல ப்ரோக்கள் அதற்குச் சம்மதிக்கிறார்கள். பயிற்சியாளர்களுக்குப் படிப்பும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் தர நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா என்று ஒரு அமைப்பே இருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சென்னை, கோவை, ஊட்டி, கொடைக்கானல் ஆகிய ஊர்களில் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள் எங்கே கிடைப்பார்கள், குழு வகுப்புக்கு எவ்வளவு ஆகும் என்று அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். கட்டணத்தை மறக்காமல் போடுங்கள், அதைக் கேட்கத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். கடிதம் நீளம் என்று சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் முழங்கையை வெட்டிவிடுங்கள். கேடி பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சென்னை.